நாலாம் எண் சோதனை வீடு

ஜனவரி ஒன்பதாம் தேதி காலை பத்து மணிக்கு, ஆற்றின் வடகரைத் தொழிற்பேட்டையில், டயப்பர் ஆலையின் இரண்டாம் கூடத்தில் குழந்தை டயப்பர் செய்யும் இயந்திரம் நிறுத்தப்பட்டது.

பொத்தானை அழுத்தியவள் அந்தக் கூடத்தின் சூப்பர்வைசர். யாராவது பெரிய மனிதரைக் கூப்பிட்டு அழுத்தச் சொல்லலாம் என்று மேலாளர் நினைத்திருந்தார். திறப்பு விழாவுக்கு வருகிறவர்கள் மூடுவதற்கு வருவதில்லை என்பது சிலருக்கு போன் செய்து பார்த்த பிறகு அவருக்குப் புரிந்தது. “நீங்களே அழுத்திடுங்கக்கா” என்றார். அவள் அழுத்தினாள். மூன்று பஸ் நீளம் இருந்த இயந்திரம் உடனே நின்றுவிடவில்லை. ஒரு முனையில் பஞ்சுக்கூழ்ச் சுருள் சுற்றுவதை விட்ட பிறகும், மறுமுனையில் மடித்த டயப்பர்கள் கொஞ்ச நேரம் விழுந்துகொண்டிருந்தன. கடைசியாக விழுந்ததை எடுத்து, வழக்கம்போல இரண்டு பக்க ஓரத்தையும் விரலால் இழுத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. பெட்டியில் போட்டாள்.

ஆலையில் அவளைக் ‘கசிவக்கா’ என்று கூப்பிடுவார்கள். ஷிஃப்ட்டுக்குள் நுழையும்போது குட் மார்னிங்குக்குப் பதிலாக “கசிவு உண்டா?” என்று கேட்பாள் என்பதால் வந்த பெயர். இருபத்தாறு வருஷமாகக் கேட்கிறாள். மேலாளர்கூட ஒரு கூட்டத்தில் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டார். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால்தான் திரும்பிப் பார்த்திருக்க மாட்டாள்.

இயந்திரம் பழுதாகவில்லை. அதற்கு வேலைதான் இல்லாமல் போய்விட்டது. ஊரில் பிரசவ வார்டை மூடி, பக்கத்து ஊர் வார்டோடு சேர்த்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்புகளை ஒரே அறையில் உட்காரவைத்தார்கள். பிறகு மூன்று வகுப்புகளை. பூங்காவில் குழந்தைத் தள்ளுவண்டிகள் வரத்தான் செய்தன, குனிந்து பார்த்தால் உள்ளே போர்வை போர்த்திய நாய் இருந்தது. பொம்மைக் கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியில் ஊன்றுகோல்களை அடுக்கியிருந்தார். ஆலையில் கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் எல்லாருமே வீட்டுக்கு ஒற்றைப் பிள்ளைகள். ஒற்றைப் பிள்ளையும் ஒற்றைப் பிள்ளையும் கட்டிக்கொண்டு பெற்றுக்கொள்கிற குழந்தைக்கு மாமா கிடையாது, அத்தை கிடையாது, சித்தியும் பெரியப்பாவும் கிடையாது. டீ நேரத்தில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது, பசை உருளைகளைப் பார்த்துக்கொள்கிற, எல்லாரும் ‘பசை’ என்றே கூப்பிடுகிற மெக்கானிக் சொன்னார்: “இனிமே திட்டறதுக்குக்கூட ஒரு மாமன் கிடைக்க மாட்டான்.” சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஐம்பதைத் தாண்டியவர்கள்.

இயந்திரத்தைக் கழற்றிப் பெட்டிகளில் அடைத்து, கடல் தாண்டி வேறொரு நாட்டுக்கு அனுப்பப்போகிறார்கள். அங்கே இருக்கிற ஆலை ராப்பகலாக ஓடியும் போதவில்லையாம். இயந்திரத்தோடு தெரிந்த ஆள் ஒருவர் போய், இரண்டு வருஷம் கூட இருந்து ஓட்டிக் கொடுக்க வேண்டும். மேலாளர் அதை அவளிடம்தான் முதலில் கேட்டார். வேறு யாரிடமும் கேட்க அவருக்கு எண்ணமும் இல்லை.

“வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்” என்றாள்.

மேலாளர் தலையாட்டினார். வீட்டில் இருப்பது அவளுடைய அப்பா மட்டும்தான் என்பது அவருக்குத் தெரியும்.

அவள் கேட்கவில்லை. ஒரு மாதம் ஆகியும் கேட்கவில்லை. போக ஆசை இல்லாமல் இல்லை. ஐம்பத்திரண்டு வயதுக்குள் அவள் போன அதிக தூரம், கல்யாணமான புதிதில் புருஷனோடு போன கடற்கரை ஊர். அந்தக் கல்யாணம் ஏழு வருஷத்தில் முடிந்தது, பிள்ளை இல்லை. அதற்குப் பிறகு அப்பாவும் அவளும் என்று ஆகிவிட்டது. எங்கேயாவது போக வேண்டும் என்ற ஆசை இந்த வயதில் வந்ததே அவளுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. மேலாளர் தந்த புத்தகத்தில் அந்த நாட்டு ஆலையின் படம் இருந்தது. வாசலில் ஷிஃப்ட் மாறும் நேரம். கால் வைக்க இடமில்லாத அளவுக்குக் கூட்டம். ஒரு நரைத்த தலைகூட இல்லை. அந்தப் பக்கத்தை அவள் பல தடவை திறந்து பார்த்தாள்.

தடை அப்பாதான். அதாவது, அப்பாவின் உடம்பு அல்ல. அவர் பஸ் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். எண்பது வயது நடந்தாலும் படியேறுவார், தன் சட்டையைத் தானே தேய்த்துக்கொள்வார். தெருக்கோடியில் இருக்கிற வாசகசாலையில் வாரம் நாலு நாள் செஸ் ஆடிக்கொண்டிருந்தார். போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் சீக்கிரமே வீட்டுக்கு வந்து, நேராகக் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றிலிருந்து போகவில்லை. கேட்டால், “கண்ணு சரியில்லை, கறுப்புக் காய் தெரிய மாட்டேங்குது” என்றார். துணி துவைத்தவள் அவள். அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. தெரிந்தது அவருக்கும் தெரியும். இரண்டு பேரும் கண்ணைப் பற்றியே பேசிக்கொண்டார்கள். ஒரு தடவை கண் டாக்டரிடம்கூடப் போய்ச் சொட்டு மருந்து வாங்கி வந்தார்கள்.

அதற்குப் பிறகு அவர் வாசல்படி இறங்கவே இல்லை. கடைக்கு அவள்தான் போனாள், மருந்து அவள்தான் வாங்கினாள். முடிவெட்டுகிறவரை வீட்டுக்கே வரச்சொன்னாள். அவர் ஜன்னலிலிருந்து கதவுக்கும், கதவிலிருந்து ஜன்னலுக்கும் நடந்தார். இவரை இப்படியே விட்டுவிட்டு இரண்டு வருஷம் போக முடியாது. இவர் தானாக வெளியே போய்வர முடிந்தால் போகலாம். கணக்கு அவ்வளவுதான்.

இயந்திரத்தைக் கழற்றவும் ஓட்டவும் பழகிக்கொள்ள அந்த நாட்டிலிருந்து பிப்ரவரியில் ஒரு பொறியாளர் வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். கசிவக்காவும் அவளும் இரண்டு பேருக்கும் அரைகுறையாகத் தெரிந்த ஒரு மொழியில் பேசிக்கொண்டார்கள். வந்த முதல் நாளே ‘அக்கா’ என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு எல்லாரையும், மேலாளரையும் சேர்த்து, அக்கா என்றே கூப்பிட்டாள். மூன்று குழந்தைகளை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். மதிய இடைவேளையில் போனைச் சுவரில் சாய்த்துவைத்துப் பேசுவாள். திரைக்குள் எந்நேரமும் ஏழெட்டுத் தலைகள் முட்டிக்கொண்டிருக்கும். எது அவள் பிள்ளை, எது தங்கை பிள்ளை, எது பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று கசிவக்காவுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

“இந்த ஊர்ல சத்தமே இல்லைக்கா” என்றாள் ஒருநாள். “முதல் நாள் ஏதாவது துக்கமோன்னு நினைச்சேன்.”

“இல்லை, எப்பவும் இப்படித்தான்.”

“எங்க ஊர்ல பாதிப் பேருக்கு ஓட்டுப் போடற வயசே வரலை. பஸ்ல ஏறினா மடியில யாராவது தன் குழந்தையை உக்காரவெச்சுட்டுப் போயிடுவாங்க. இறங்கறப்போ மறக்காம வாங்கிக்குவாங்க.” பிறகு, இயந்திரத்தின் ஒரு பல்சக்கரத்தைத் துணியால் துடைத்துக்கொண்டே, “எங்கம்மாவுக்கு ஏழு. எனக்கு மூணு. தங்கச்சி ஒண்ணோட போதும்ங்கறா” என்றாள்.

“அப்போ அங்கயும் குறையுது.”

“குறையும். ஆனா பெத்துக்கற வயசுல அங்க அத்தனை பேர் இருக்காங்களே. ஆளுக்கு ஒண்ணு பெத்துக்கிட்டாலே இந்த மெஷின் முப்பது வருஷம் ஓடும்.”

“அதுக்கப்புறம்?”

“அப்புறம் நாங்களும் கழட்டி வேற நாட்டுக்கு அனுப்பிடுவோம்.”

“எந்த நாட்டுக்கு?”

பொறியாளர் வாயைத் திறந்தாள். பிறகு சிரித்துக்கொண்டு பல்சக்கரத்தின் மறுபக்கத்தைத் துடைக்க ஆரம்பித்தாள்.

ஆலை மூடப்படவில்லை. மூன்றாம் கூடத்தில் இருந்த சின்ன இயந்திரத்தை அகலப்படுத்தி, பெரியவர்களுக்கான டயப்பர் செய்யத் தொடங்கினார்கள். அங்கேதான் ஒரு பழைய வழக்கம் திரும்பவும் தேவைப்பட்டது.

ஆலையில் எதை மாற்றினாலும், புதுப் பசையானாலும் புது எலாஸ்டிக் ஆனாலும், கடைக்குப் போவதற்கு முன்னால் அது தொழிலாளிகளின் வீட்டுக் குழந்தைகளுக்குத்தான் போகும். ‘வீட்டுச் சோதனை’ என்பார்கள். வெள்ளிக்கிழமை ஒரு பை கொடுத்தனுப்புவார்கள். திங்கட்கிழமை, உபயோகித்ததை உறையில் போட்டு ஒட்டித் திருப்பிக் கொண்டுவர வேண்டும். ஆலையின் சோதனை லேபில் எடை போட்டு, எவ்வளவு உறிஞ்சியது, எங்கே விட்டது என்று பார்ப்பார்கள். குழந்தைகளுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும். ஒரு காலத்தில் அந்த எண்ணுக்கு அடிதடி. ஏழாம் எண் இப்போது பட்டாளத்தில் இருக்கிறான். பன்னிரண்டாம் எண் போன வருஷம் கல்யாணத்துக்குக் கூப்பிட்டாள். லேபிலிருந்து எல்லாரும் போனார்கள். கடைசியாக மிஞ்சியிருந்தது ஒரே ஒரு குழந்தை, பசையின் பேரன். போன அக்டோபரில் அவன் தானாகவே கழிப்பறைக்குப் போகக் கற்றுக்கொண்டான். செய்தியைச் சொன்ன பசைக்கு லேப் பெண் துக்கம் விசாரிப்பதுபோலக் கை கொடுத்தாளாம்.

இப்போது பெரியவர்கள் வேண்டும். மேலாளர் கூட்டம் போட்டு, “வீட்ல வயசானவங்க இருக்கறவங்க…” என்று இழுத்தார். எல்லாருக்கும் இருந்தார்கள். எல்லாரும் செருப்பைப் பார்த்தார்கள். கூட்டம் கலைந்தது. ஆனால் மதியத்துக்குள் லேப் கதவை ஆறு பேர் தனித்தனியாகத் தட்டி, காதோடு சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். கசிவக்கா நாலாவதாகத் தட்டினாள்.

வெள்ளிக்கிழமை பையைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். வழியெல்லாம் யோசித்துவைத்த பேச்சு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

“இது ஆபீஸ் வேலைப்பா” என்றாள். “ஆள் கிடைக்காம கஷ்டப்படறாங்க.”

அவர் பையைத் திறந்து பார்க்கவில்லை. வெளியிலிருந்தே ஒருமுறை அழுத்திப் பார்த்தார். “போட்டுக்கணுமா?”

“ஆமா. போட்டுக்கிட்டு வெளிய போய்ட்டு வந்தா இன்னும் நல்லது. நடக்கறப்போ எப்படி இருக்குன்னு தெரியணும்.”

“அப்புறம்?”

“அப்புறம் அதை ஒரு கவர்ல போட்டுக் கொடுத்துடணும். எடை பார்ப்பாங்க.”

“என் மூத்திரத்தை உங்க ஆபீஸ்ல தராசுல வெப்பாங்களா?”

“பேர் எழுத மாட்டாங்கப்பா. நம்பர் மட்டும்தான்.”

“என்ன நம்பர்?”

“நாலு.”

“நாலு.” அவர் எழுந்து ஜன்னல் வரைக்கும் போனார். “முப்பது வருஷம் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு அடக்கி அடக்கி வெச்சேன். அப்ப யாரும் எடை போட வரலை.” கதவு வரைக்கும் வந்தார். “நாலாம் நம்பர் பஸ் மார்க்கெட்டுக்குப் போறது. நான் ஓட்டினதே இல்லை அதை.”

அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது மேஜையில் பை இல்லை.

மறுநாள் சாயங்காலம் அவர் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, அவளிடம் ஒன்றும் சொல்லாமல் படியிறங்கினார். தெரு முழுக்கத் தன்னைப் பார்ப்பதுபோல நினைத்துக்கொண்டு விறைப்பாக நடந்தார். அவள் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று, ஓரம் எங்கேயாவது மடங்கியிருக்கிறதா, நடையில் இழுப்பு இருக்கிறதா என்று தொழில் கண்ணோடுதான் பார்த்தாள். அவர் திருப்பத்தில் மறைந்ததும் மேலாளரின் எண்ணை போனில் எடுத்தாள். பிறகு, திங்கட்கிழமை நேரிலேயே சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டாள். அந்த நாட்டுப் படம் இருந்த புத்தகத்தை எடுத்து, அங்கே மழை எந்த மாதம் என்று பார்த்தாள்.

அப்பா அரைமணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டார்.

“ஆட்டம் இல்லையாப்பா?”

“இருந்தது.”

“கசிஞ்சுதா?”

“இல்லை.” குளியலறைக் கதவு சாத்திக்கொண்டது. அன்று அவர் சாப்பிடவில்லை. கண்ணைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மணி அடித்தது. கதவைத் திறந்தால், அப்பாவோடு செஸ் ஆடுகிற ஓய்வு பெற்ற தபால்காரர். கையில் வண்ணக் காகிதம் சுற்றிய ஒரு சின்னப் பொருள். லேசாக அசைந்தாலே உள்ளே கிலுகிலுத்தது.

“குழந்தை முழிச்சிருக்காம்மா?” என்றார், குரலைத் தாழ்த்திக்கொண்டு.

“எந்தக் குழந்தை?”

“அதாம்மா, தூரத்துச் சொந்தத்துல ஒரு பொண்ணு கைக்குழந்தையோட வந்து தங்கியிருக்காமே. டிரைவர் நேத்து சொன்னாரே.” மூக்கை உறிஞ்சிச் சிரித்தார். “அவர் எங்க சொன்னாரு, நாங்கதான் கண்டுபிடிச்சோம். உள்ள வந்து உக்காந்த உடனே ரூம் பூரா அந்த வாசம். குழந்தை பவுடர் வாசம். பேப்பர் படிச்சிட்டிருந்தவங்க எல்லாம் தலையைத் தூக்கிட்டாங்க. லைப்ரரிம்மா எழுந்து வந்து ரேக்குக்குப் பின்னாடியெல்லாம் எட்டிப் பார்த்துட்டு, யார் குழந்தையைக் கொண்டு வந்திருக்கறதுன்னு கேக்கறாங்க. எத்தனை வருஷம் ஆச்சும்மா அந்த வாசத்தை மோந்து! கடைசியில பார்த்தா இவர் மேலேர்ந்து வருது. தூக்கி வெச்சிருந்தியாய்யான்னா ஆமான்னாரு. எல்லாரும் கை கொடுத்தாங்க. மனுஷன் வெக்கப்பட்டுக்கிட்டு ஆட்டத்தை விட்டுட்டே ஓடிட்டாரு.” கையிலிருந்ததைத் தூக்கிக் காட்டினார். “ஊர் பூரா தேடினேன், ஒரு கிலுகிலுப்பை கிடைக்கலை. பழைய சாமான் கடையில இருந்துது. கழுவிட்டேன்.” மறுபடி மூக்கை உறிஞ்சினார். “வாசல்லயே வருதே வாசம்.”

அவளும் உறிஞ்சிப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. ஈரத் துணியின் வாசனை வந்தது, தபால்காரரின் ஹேர் ஆயில் வந்தது. அவர் சொன்னது மட்டும் வரவில்லை. இருபத்தாறு வருஷமாக அவளுடைய தலைமுடியிலும் சேலையிலும் தலையணையிலும் ஊறிப்போன வாசனை அது. அவளுக்கு அது வெறும் காற்று. அவளோடு ஒரே வீட்டில் இருக்கிற அப்பாவுக்கும் அப்படித்தான். இருவருக்கும் தெரியாத ஒன்றைப் போட்டுக்கொண்டு அவர் தெருவில் போயிருக்கிறார்.

அப்பா அறையிலிருந்து வெளியே வந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது. அவள் முந்திக்கொண்டு, அவங்க ஊருக்குப் போயிட்டாங்க என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். சொன்னால் இன்றைக்குத் தப்பிக்கலாம். நாளைக்கு வாசகசாலையில் அந்தக் குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். அடுத்த வாரம் தவழ்கிறதா என்று கேட்பார்கள். பிறகு அவர் அந்தப் படியை மிதிக்க மாட்டார்.

“உக்காரு தபாலு” என்றார் அப்பா.

“தூங்குதாய்யா?”

“குழந்தையும் இல்லை, ஒண்ணும் இல்லை. நான்தான்.”

தபால்காரருக்கு விளங்கவில்லை. அப்பா தன் இடுப்பை ஒரு தட்டுத் தட்டினார். சட்டைக்கு அடியில் காகிதம் கசங்குகிற மாதிரி சரசரவென்று சத்தம் கேட்டது. தபால்காரர் அந்த இடத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கையிலிருந்த பொருளைப் பார்த்தார். அதை மெதுவாக மேஜையில் வைத்தார். அது அப்போதும் கிலுகிலுத்தது.

அவள் டீ போடுகிற சாக்கில் உள்ளே போனாள். அடுப்பைப் பற்றவைக்காமல் நின்றாள்.

“எந்தக் கடையில கிடைக்குது?” என்று தபால்காரரின் குரல் கேட்டது.

“கடையில இல்லை. இவ ஆபீஸ்ல.”

“எனக்குத் தும்மினா போதும்யா. சத்தமா சிரிச்சாலும்தான்.”

“அடப்பாவி. ஏன்யா சொல்லலை?”

“நீ சொன்னியா?”

“அதான் நான் ஜோக் சொன்னா உம்முன்னு உக்காந்திருக்கியா?” என்று அப்பா கேட்டார்.

“பின்னே? உன் ஜோக்குக்குச் சிரிப்பு வராதுன்னா நினைச்சே?” தபால்காரர் எழுந்திருக்கிற சத்தம். “எனக்கும் ஒண்ணு கொண்டுவரச் சொல்லுய்யா உன் பொண்ணை. ஆனா அந்த வாசனை வேணாம். அதைப் போட்டுக்கிட்டுப் போனா ஊர்ல எல்லாரும் கிலுகிலுப்பையைத் தூக்கிட்டு வந்துடுவாங்க.”

திங்கட்கிழமை அவள் மூன்றாம் கூடத்தில் ஒரு டயப்பரை எடுத்து மேலாளர் மூக்கருகே நீட்டினாள். “என்ன வாசனை வருது?”

“ஒண்ணும் வரலையே.”

பசையிடம் நீட்டினாள். லேப் பெண்ணிடம் நீட்டினாள். ஒருவருக்கும் ஒன்றும் வரவில்லை. போன வாரம் வேலைக்குச் சேர்ந்த வாசல் காவலாளியைக் கூப்பிட்டார்கள். எதற்கென்று தெரியாமல் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தவர் மோந்து பார்த்து, முகம் மலர்ந்து, “குழந்தை வாசம்” என்றார். “என் பெரியவ பிறந்தப்போ வீடு பூரா இதான்.”

சின்ன இயந்திரத்தை அகலப்படுத்தியபோது அளவை மாற்றினார்கள், பஞ்சைக் கூட்டினார்கள், எலாஸ்டிக்கை மாற்றினார்கள். பஞ்சின் மேல் பவுடர் வாசனையைத் தெளிக்கிற குழாய் ஒன்று இருந்ததை யாரும் தொடவில்லை. அப்படி ஒரு வாசனை இருப்பதே அந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் மறந்துபோயிருந்தது. பசை ஏணியில் ஏறிக் குழாயை அடைத்தார். இறங்கி வந்து, “இத்தனை வருஷமா நம்ம வாடிக்கையாளர் யாரும் வாயைத் திறந்ததில்லை” என்றார். “மல்லாந்து படுத்துக் காலை ஆட்டிக்கிட்டு இருந்தாங்க. அந்தப் பழக்கம் நமக்கு.”

பொறியாளர் அந்தக் குழாய்க்கு வாசனை வருகிற தொட்டியைத் தங்களுக்குத் தந்துவிடும்படி கேட்டாள். அங்கே இதை மோந்து யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள் என்றாள். பெட்டிகளோடு அதையும் சேர்த்துக் கட்டினார்கள்.

வாயைத் திறந்த வாடிக்கையாளர்கள் அதற்குப் பிறகு மூடவில்லை. நாலாம் எண்ணிலிருந்து, உறையோடு வாய்மொழியாகக் குறைகள் வந்துகொண்டே இருந்தன. பக்கவாட்டில் ஒட்டுகிற மாதிரி இருப்பது படுத்திருப்பவனுக்குத்தான் சரி. நிற்கிறவனுக்கு ஜட்டி மாதிரி இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். வாசகசாலையில் ஊசி விழுந்தால் கேட்கும். இந்தச் சரசரப்பு என்ன கண்றாவி. முன்பக்கம் வாத்துப் படம் போட்டிருப்பது யாருக்காக? ஏழாம் எண் என்று புதிதாகச் சேர்ந்த தபால்காரர் வீட்டிலிருந்தும் ஏறக்குறைய அதே குறைகள் வந்தன. லேப் பெண்ணிடம் அவர் தானே நேரில் போய்ச் சொன்னார். மார்ச் மாதம் மூன்றாவது தடவை திருத்திய டயப்பர் வந்தபோது, அப்பா மூன்று மணி நேரம் வாசகசாலையில் உட்கார்ந்திருந்து, இரண்டு ஆட்டம் தோற்றுவிட்டு வந்தார். வரும் வழியில் தானாகவே மருந்துக் கடைக்குப் போயிருந்தார்.

அன்றைக்கு அவள் கேட்டாள். சுற்றி வளைக்கவில்லை.

“எத்தனை வருஷம்?” என்றார்.

“ரெண்டு.”

“அங்க ஓட்டத் தெரிஞ்ச ஆளே இல்லையா?”

“பழகிக்கறாங்க. இருந்தாலும் கூட ஒருத்தர் இருக்கணும்.”

அவர் தண்ணீர் டம்ளரை நகர்த்தி, வேறு இடத்தில் வைத்தார். “எப்ப கேட்டாங்க?”

“ஜனவரியில.”

“ஓ.” பிறகு, “அப்போ இந்தச் சோதனை எல்லாம்…” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அவள் மறுக்கவில்லை. அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் நெற்றியைச் சொறிந்துகொண்டு யோசித்தார், வண்டி எடுப்பதற்கு முன்னால் டயரைச் சுற்றிப் பார்க்கிறவரைப்போல.

“உனக்கு ரெண்டு வருஷம்ங்கறது ரெண்டு வருஷம்” என்றார். “எனக்கு அது எவ்வளவுன்னு சொல்ல முடியாது.”

“தெரியும்ப்பா. அதான் கேக்கறேன். வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க.”

அவர் வேணாம் என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. “இந்த டயப்பர் எத்தனை டப்பா வாங்கி வெச்சுட்டுப் போவே?” என்று கேட்டார்.

இயந்திரம் ஏப்ரல் முதல் வாரத்தில் கப்பலேறியது. அவளுக்கு இருபத்தோராம் தேதி, திங்கட்கிழமை விமானம். காலையில் பெட்டியைக் கூடத்துக்கு இழுத்து வந்தபோது அப்பா தேய்த்த சட்டை போட்டுத் தயாராக நின்றுகொண்டிருந்தார். விமான நிலையம் வரைக்கும் கூட வருகிறாராக்கும் என்று நினைத்தாள்.

“நான் கிளம்பறேன், ஆட்டம் இருக்கு” என்றார். “வீட்டைப் பூட்டிட்டு சாவியைப் பக்கத்து வீட்ல கொடுத்துடு.”

“சரிப்பா.”

“போனதும் போன் பண்ணு.”

“பண்றேன்.”

அவர் அவள் தோளை ஒருமுறை தட்டிவிட்டுப் படியிறங்கினார். திங்கட்கிழமை வாசகசாலைக்கு விடுமுறை. அவள் ஜன்னலுக்குப் போனாள். அவர் வாசகசாலைப் பக்கம் திரும்பவில்லை. எதிர்ப்பக்கம் நடந்து, வீட்டு வாசல் தெரிகிற பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு பஸ் வந்து நின்று கதவைத் திறந்தது. ஏறுவாரென்று டிரைவர் காத்திருந்தார். அப்பா உட்கார்ந்தபடியே கையைத் தூக்கி, போகலாம் என்று சைகை காட்டினார். பஸ் கிளம்பிப் போனது. அடுத்த பஸ்ஸுக்கும் அப்படியே காட்டினார்.

பதினொரு மணிக்குக் கார் வந்தது. அவள் வீட்டைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, ஏறிக்கொண்டாள்.